சந்தாவுக்கு வந்த கதவு

வெள்ளையூரணியில் நாலு பேருக்கு ஊர் எல்லை மூடிக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றும், அன்றைக்கு லில்லி டீச்சர் சுட்டுக் கொண்டுவந்த பருப்பு வடை மிச்சமில்லாமல் தீர்ந்துபோனது என்றும் ஊரில் சொல்வார்கள். இரண்டில் வடை தீர்ந்ததைத்தான் கொஞ்சம் நம்ப முடியாமல் சொல்வார்கள், ஏனென்றால் டீச்சரின் வடையைக் கடித்துப் பார்த்தவர்கள் ஊரில் உண்டு, தின்று முடித்தவர்கள் அதுவரை கிடையாது.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மைதீன் அண்ணனின் தையல் கடை. வாரம் முழுக்க ரவிக்கையும் பள்ளிக்கூடச் சீருடையும் வெட்டுகிற நீள மேசையில், ஞாயிறு மத்தியானம் துணிகளை ஒதுக்கிவிட்டு, அளவு குறிக்கிற சாக்கட்டியால் அவர் ஒரு கோட்டையை வரைவார். சுற்றி மூன்று பேர் உட்கார்வார்கள். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த குருசாமி அண்ணன், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்த லில்லி டீச்சர், நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு அரசு வேலைக்குக் காத்திருந்த என் அக்கா ஆவுடைக்கனி. கடை வாசலில், நிலையில் சாய்ந்தபடி நான்.

அவர்கள் விளையாடியது 'பன்னிருமுகம்' என்ற மாத இதழில் வருகிற விளையாட்டு. சாத்தனேரியில் அச்சாகி வரும். பெயரைப் பார்த்து முருகன் இதழ் என்று நினைத்த தபால்காரர் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கொடுப்பார். உள்ளே இருந்தது ஒரு நெடும் பயணம். ஒருவர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நடக்க வேண்டும், பள்ளத்தைத் தாண்டுகிறோமா விழுகிறோமா என்பதைப் பன்னிரண்டு முகம் வைத்த ஒரு காயை உருட்டித் தெரிந்துகொள்ள வேண்டும், நடந்து நடந்து வழி தீர்ந்துபோனால் அடுத்த மாதம் இதழ் வந்து வழியை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுக்கும். ஆளுக்கொரு சந்தா கட்டினால்தான் ஆளுக்கொரு காய் வரும் என்பதால் நாலு பேரும் தனித்தனியே சந்தா கட்டியிருந்தார்கள். நாள் முழுக்கச் சீட்டுக் கிழித்து நேர்மையாகக் கணக்குக் கொடுக்கிற குருசாமி அண்ணன் அங்கே திருடன். டீச்சர் சூனியக்காரி. அக்கா வில்லாளி. மைதீன் அண்ணன் மலை, மழை, ராட்சசன், சத்திரத்துக்காரி, எல்லாம்.

அந்த மேசைக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. உட்கார்ந்தவர் உருட்ட வேண்டும். வேடிக்கை பார்க்கிறேன் என்று யாரும் நாற்காலியில் உட்காரக் கூடாது. உருட்டினால் விழுகிற முகத்துக்கு என்ன வேடமோ அது வரும், வேடம் வந்தால் நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச வேண்டும், அதற்குப் பயந்து நான் வருடக்கணக்கில் நின்றேன்.

"கால் வலிக்கலையாட்டி? உட்காரேன்," என்பாள் அக்கா.

"இல்லக்கா. நிக்கேன்."

"அது நிலைக்கதவுக்கு முட்டுக் குடுக்குது, விடு கனி," என்பார் குருசாமி அண்ணன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருள்மாடக் கோட்டைக்குள் நுழைந்தார்கள். மைதீன் அண்ணன் இதழின் கடைசிப் பக்கத்தை, தொழுகைக்குப் பிறகு வருகிற மெதுவான குரலில் வாசித்தார். 'உங்களுக்குப் பின்னால் கதவு மூடிக்கொள்கிறது. இனி யாரும் வெளியேற முடியாது. அடுத்த இதழில் கதவு திறக்கும்.' எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள், வடையைத் தின்று தீர்த்தார்கள், குருசாமி அண்ணன் தோல்பையை மாட்டிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஏறினார். பஸ் ரயில்வே கேட்டைத் தாண்டியது. குருசாமி அண்ணன் தாண்டவில்லை. யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், எண்ணிய கையோடு மைதீன் கடை வாசலில் நின்றார்.

"பஸ் எங்க?" என்றார் மைதீன் அண்ணன்.

"போயிருச்சு. நான்தான் வந்துட்டேன்."

மறுநாள் டீச்சரும் கேட்டைத் தாண்டிய இரண்டாம் அடியில் கடை வாசலுக்கு வந்தார். அக்கா தெற்கே வாய்க்கால் பாலம் வழியாகப் போய்ப் பார்த்தாள், மைதீன் அண்ணன் மேற்கே முள்ளுக்காடு வழியாகப் போய்ப் பார்த்தார், எந்தத் திசையில் போனாலும் போகிற ஆள் செருப்பில் தூசியோடு தையல் மெஷின் முன்னால்தான் வந்து நின்றார். கோட்டைக்குள் இருக்கிறார்கள், இதழ் வந்தால் கதவு திறந்துவிடும் என்று ஊர் புரிந்துகொண்டது. அடைமழைக்கு ஊரணி உடைந்தால் தண்ணீர் வடியும்வரை காத்திருப்பதைப் போல, அடுத்த இதழுக்குக் காத்திருந்தார்கள்.

அடுத்த மாதம் தபால்காரர் நாலு உறை கொண்டுவந்தார், இந்த முறை கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. உள்ளே 'அறுசுவை அடுப்படி' என்ற சமையல் இதழ் இருந்தது. அட்டையில் வெண்டைக்காய். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: போதிய ஆதரவு இல்லாத காரணத்தால் 'பன்னிருமுகம்' நிறுத்தப்படுகிறது, மீதமுள்ள சந்தாக் காலத்துக்கு எங்களின் மற்றொரு வெளியீடான இந்த இதழ் தொடர்ந்து அனுப்பிவைக்கப்படும், அன்பு வாசகர்கள் ஆதரவைத் தொடர வேண்டுகிறோம்.

குருசாமி அண்ணன் வெண்டைக்காயை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "இதுல எந்தப் பக்கம்வே நாம இருக்கோம்?"



பிறகு ஊர் அதற்குப் பழகியது. பழகியதைத்தான் நான் சொல்ல வேண்டும், கதவு மூடியதைவிட அதுதான் பெரிய காரியம். பஸ் முதலாளி குருசாமி அண்ணனை வேலையை விட்டு எடுக்கவில்லை, பஸ் நிறுத்தத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, ஏறுகிறவர்களுக்கெல்லாம் அங்கேயே சீட்டுக் கிழிக்கச் சொன்னார், அதனால் நடுவழியில் ஏறுகிறவர்கள் இனாமாகப் போனார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் காலையில் வரிசையாக நடந்துவந்து ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள், டீச்சர் இந்தப் பக்கம் கரும்பலகையைச் சாய்த்துவைத்துப் பாடம் எடுத்தார், கூட்ஸ் வண்டி போகும்போது வாய்ப்பாட்டை நிறுத்தி, கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். வெளியூர் போகிறவர்கள் வீட்டுச் சாவியை மைதீன் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள், எங்கேயும் போக முடியாதவர் கையில் இருப்பதைவிடச் சாவிக்குப் பத்திரம் என்ன, அவர் கடைச் சுவரில் ஊர்ச் சாவிகளெல்லாம் தொங்கி, மெஷின் ஓடும்போது மெல்ல ஆடின. சமையல் இதழும் வீணாகவில்லை. டீச்சரின் வடை இளகியது.

எல்லாரிலும் அதிகம் பயன்பட்டவள் அக்கா. ஊருக்கு ஆஸ்பத்திரி கிடையாது, இப்போது எங்கேயும் போகாத நர்ஸ் ஒருத்தி கிடைத்துவிட்டாள். சர்க்கரைக்கு ஊசி போட, கட்டுப் பிரிக்க, பிள்ளைக்காய்ச்சல் பார்க்க எங்கள் வீட்டு வாசலில் காலையிலிருந்து செருப்புகள் கிடந்தன. முருங்கைக்காய் வந்தது, முட்டை வந்தது, ஐயப்பன் கோயில் அரவணை வந்தது. அம்மாவுக்கு முகம் தெளிந்தது.

கதவு மூடி இரண்டாம் மாதம், தர்மபுரி அரசு மருத்துவமனையில் சேரச் சொல்லி அக்காவுக்கு ஆணை வந்தது. மூன்று முறை எழுதி மூன்றாம் முறை தேறிய பரீட்சை. உடம்பு சரியில்லை என்று சான்றிதழ் அனுப்பி நாள் நீட்டிக்கக் கேட்டாள். தை பிறப்பதற்குள் வந்து சேராவிட்டால் ஆணை ரத்து, இனி நீட்டிப்புக் கிடையாது என்று பதில் வந்தது.

"தர்மபுரி எங்க இருக்கு, ஆத்தா," என்றாள் அம்மா, வந்திருந்த முட்டைகளைச் சம்படத்தில் அடுக்கியபடி. "அந்தத் தண்ணி உனக்குச் சேராது. இங்க உனக்கு என்ன குறைச்சல்? ஊரே உன்னைத் தாங்குது."

"தாங்குதுன்னா என்னம்மா? கீழ விடலன்னு அர்த்தம்."

அக்கா பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். தினமும் விடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு ரயில்வே கேட் வரைக்கும் நடப்பாள், தாண்டுவாள், மைதீன் அண்ணன் கடை வாசலில் நிற்பாள். கேட்கீப்பர் தலை நிமிர்வதுகூட இல்லை. மைதீன் அண்ணன் கடை திறந்து சாம்பிராணி போடுகிற நேரமும் அவள் வந்து நிற்கிற நேரமும் ஒன்றாகிவிட்டன, அவளைப் பார்த்த பிறகுதான் அவர் தீக்குச்சி உரசுவார். திரும்பி வரும் வழியில், "நடை முடிஞ்சுதா தாயி? வந்த கையோட இந்த ஊசியப் போட்டுவிடு," என்று கையை நீட்டுவார்கள். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஊசி போடுவாள். முகத்தில் ஒன்றும் இருக்காது. பெட்டியின் கைப்பிடி மட்டும் அவள் பிடித்துப் பிடித்துப் பளபளவென்று ஆகியிருந்தது.

'பன்னிருமுகம்' இதழின் உரிமையாளர் ஞானதிரவியம் அண்ணாச்சியை நேரில் வரவழைக்கலாம் என்று சொன்னவர் லில்லி டீச்சர். "போன்ல கேட்டா இல்லம்பாங்க. சால்வை போட்டுக் கேட்டுப் பாரு. சால்வை போட்ட இடத்துல இல்லன்னு சொன்ன மனுசன நான் பாத்ததில்ல."

பாராட்டு விழா வைத்தோம். பிளக்ஸ் அடித்தோம். 'பன்னிருமுகச் செம்மல்' என்று டீச்சர் பட்டம் கொடுத்தார். அண்ணாச்சி வெள்ளைக் காரில் வந்து இறங்கினார், எழுபது வயதிருக்கும், ஒல்லியான ஆள், தன் இதழுக்காக யாராவது கைதட்டி அவர் கேட்டதே இல்லை போலிருக்கிறது, மேடையில் ஏறியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா எழுந்து, கதவைப் பற்றியும் தையைப் பற்றியும் தர்மபுரியைப் பற்றியும் சொன்னாள். ஊர் குனிந்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு பேர் மட்டும், "ஆமா, பாவம்," என்றார்கள்.

அண்ணாச்சி கதை முழுவதையும் கேட்டார். "அந்தக் கோட்டையை எழுதுனதே நான்தான். பேர் போட்டுக்கிடல," என்றார். "கணக்குப் பாக்கிற இடத்துல மருமகன் இருக்கான், நிறுத்தச் சொன்னான், நிறுத்துனேன். உள்ளே ஆள் நிக்குதுன்னு எனக்குத் தோணல. பதினாறு பக்கம் போதும். ஒரே ஒரு இதழ். கதவைத் திறந்துவிட்டுட்டு அப்புறம் மூடிக்கிடுதேன். இது என் வாக்கு."

அக்கா அன்றைக்குத்தான் மறுபடி சிரித்தாள். அவள் சிரித்ததில் மைதீன் அண்ணனுக்கும் குருசாமி அண்ணனுக்கும் தலைகால் புரியவில்லை. அண்ணாச்சியைக் கைப்பிடித்துக் கடைக்கு அழைத்துவந்து, அந்த மேசை முன்னால், நாலு பேர் விளையாடிய இடத்தைப் பாருங்கள் என்று காட்டி, வடை சாப்பிடாமல் போகக் கூடாது என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார்கள். வீட்டுக்கு வந்தவருக்குச் சொம்பில் தண்ணீர் நீட்டுவதைப் போல, வருடக்கணக்கான பழக்கத்தில், மைதீன் அண்ணன் அவர் உள்ளங்கையில் காயை வைத்தார்.

"அண்ணே, காயி..." என்றாள் அக்கா.

அதற்குள் அண்ணாச்சி, குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டு, உருட்டிவிட்டார்.

காவற்காரன் வேடம் விழுந்தது. எல்லோரும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணாச்சி வடையைத் தின்றார், நன்றாக இருக்கிறது என்றார், காரில் ஏறினார். கார் ரயில்வே கேட்டைத் தாண்டி டிரைவரோடு போனது. சால்வையும் மாலையுமாக அண்ணாச்சி கடை வாசலில் நின்றார்.

ஊருக்குக் கதவைத் திறக்க முடிந்த ஒரே மனிதரை எங்கள் உபசாரமே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது.

அவர் சாத்தனேரிக்குப் போன் செய்தார். மருமகன் பிரின்ஸ் மரியாதையாகப் பேசினார், அவர் குரல் மேசையைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது. "நீங்க இத்தனை வருசமா ஓய்வே எடுக்கல மாமா. நல்ல காத்து, நல்ல மனுசங்க. இருந்துட்டு வாங்க. நிறுத்துனது நிறுத்துனதுதான், அதைத் திரும்ப ஆரம்பிச்சா ஊரு சிரிக்கும்." அடுத்த முறை செய்தபோது மீட்டிங்கில் இருந்தார்.

அண்ணாச்சி கடை மாடியில் தங்கிக்கொண்டார். அளவு வெட்டுகிற பழுப்புத் தாளில் கதவு திறக்கிற அத்தியாயத்தை எழுதினார். எங்கள் ஊர்க் கல்யாண அட்டை அச்சகத்தில் கொடுத்தோம், அவர்களிடம் தங்க மை மட்டும்தான் இருந்தது, பிள்ளையார் படத்தை எடுக்க மறந்துவிட்டார்கள். மைதீன் அண்ணன் வாசித்தார். குருசாமி அண்ணன் பஸ் ஏறிப் போனார், கேட்டைத் தாண்டினார், கடைக்கு வந்தார்.

"செல்லாது," என்றார் அண்ணாச்சி. "நான் நினைச்சேன். யாரும் எதையும் அச்சடிச்சுக்கிடலாம், அதெல்லாம் நோட்டீஸ். சந்தாவுக்கு எது வருதோ அதுதான் இதழ்." சொல்லிவிட்டுப் பழுப்புத் தாளை நாலாக மடித்து, ஆடிய மேசைக்காலுக்குக் கீழே வைத்தார்.

வாசலில் நின்ற நான் அதைக் கேட்டேன். வீட்டுக்கு வந்து, அக்கா கட்டுப் பிரிக்கிற கத்தரிக்கோலைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்த அடுப்புக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன்.

"சந்தாவுக்கு வர்றதுதான் இதழ்னா, உனக்கு மாசாமாசம் வருதே அக்கா. வெண்டைக்காய் வந்துச்சு, அப்புறம் மீன் குழம்பு, போன மாசம் தீபாவளிப் பலகாரம். அதுல ஒரு ஓரத்துல கதவு திறக்குதுன்னு போட்டா?"

அக்கா இடுக்கியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இதை எப்ப யோசிச்ச?"

"இப்ப, நடந்து வர்றப்ப."

"அப்ப சாத்தனேரிக்குப் போ."

"நானா?"

"இந்தக் கூட்டத்துல கேட்டைத் தாண்டுறவ நீ ஒருத்திதானட்டி. உட்காராம நின்னதுக்கு இன்னைக்காவது ஒரு புண்ணியம் இருக்கட்டும்."

பஸ் ரயில்வே கேட்டைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பருத்திக்காடு. எனக்கு அழுகை வந்தது.

சாத்தனேரி அலுவலகம் அச்சகத்தின் முன்பக்கம் இருந்தது. மெஷின் ஓடினால் தரை லேசாக நடுங்கும். பிரின்ஸ் நாற்பது வயதுக்காரர், கெட்டவர் இல்லை, எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தார், மாமா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். சமையல் இதழில் ஒரே ஒரு பக்கம், அரைப் பக்கம் போதும், என்றேன். பஸ்ஸில் வழியெல்லாம் பழகி வைத்திருந்த வாக்கியம் அது, பாதிதான் வெளியே வந்தது.

"பாரும்மா, தக்காளித் தொக்குக்கு நடுவுல கோட்டையும் கதவும் போட்டா வாசகிங்க என்ன நினைப்பாங்க? ஒரு வரிகூட முடியாது," என்றார். நான் எழுந்து போக வேண்டியதில்லை, நின்றுகொண்டுதான் இருந்தேன். திரும்பினேன்.

"நீ என்ன படிச்சிருக்கே?"

"பி.ஏ. தமிழ்."

"எங்க புரூப் பாக்கிற பொண்ணு கல்யாணமாகிப் போயிருச்சு. போன இதழ்ல 'வெல்லம்' எல்லாம் 'வெள்ளம்'னு வந்து ஒரே சிரிப்பு. பாக்கிறியா? பக்கத்துல லேடீஸ் ஹாஸ்டல் இருக்கு." ஜன்னலோரம் காலியாக இருந்த மேசையைக் காட்டினார். "உட்காரு."

மேசையில் தாள்கள் பறக்காமல் இருக்கப் பன்னிரண்டு முகக் காய்களை வரிசையாக வைத்திருந்தார்கள். நிறுத்திய இதழின் காய்கள் கிட்டங்கியில் மூட்டை மூட்டையாகக் கிடந்தனவாம். எந்தப் பக்கத்தை யார் பார்ப்பது என்று சண்டை வராமல் இருக்க, மாதம் பிறந்ததும் அதையே உருட்டித்தான் பிரித்துக்கொள்வார்களாம்.

நாற்காலி பழைய நாற்காலி. நான் அதைப் பார்த்தேன். அக்காவின் பெட்டிக் கைப்பிடியை நினைத்தேன். உட்கார்ந்தேன்.

"உருட்டும்மா," என்றார் பிரின்ஸ்.

உருட்டினேன். மூன்றாம் பக்கம் வந்தது, 'இம்மாத விருந்து', தம் பிரியாணி. முகம் பார்த்து வேடம் சொல்ல அங்கே மைதீன் அண்ணன் இல்லை என்பதால் எனக்கு என்ன வேடம் விழுந்தது என்று யாரும் சொல்லவில்லை.

பிரியாணி பக்கத்தில் எழுத்துப்பிழை அதிகமில்லை. 'மூடியைச் சுற்றிக் கோதுமை மாவை அப்பி, ஆவி வெளியேறாதபடி அடைத்துவிடவும். மேலே தணல் போடவும். அப்படியே விடவும்,' என்று இருந்தது. அதற்குக் கீழே நான் எழுதினேன். 'இப்போது கதவு திறக்கிறது. உள்ளே நின்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே வரலாம். அவசரம் வேண்டாம். பெட்டியை மறக்க வேண்டாம்.' பிறகு, யாருக்கும் சந்தேகம் வராமல் இருக்க, 'தயிர்ப் பச்சடியுடன் பரிமாறவும்.'

அச்சாகி வந்தது. யாரும் கவனிக்கவில்லை. திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி மட்டும் எந்தக் கதவு என்று கேட்டிருந்தார். புகை போக அடுப்படிக் கதவைச் சொல்கிறோம் என்று பிரின்ஸே பதில் போட்டார்.

மார்கழி முடியப் போகிற ஒரு காலையில் அக்கா போன் செய்தாள். பின்னால் பஸ் இரைந்தது.

"ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து பேசுறேன்ட்டி. மைதீன் அண்ணன் பிரியாணியை வாசிச்சாக. மாவை அப்புற இடத்துல டீச்சர் அழுதுட்டாக. நாலு பேரும் கையைக் கோத்துக்கிட்டு நடந்தோம். தாண்டிட்டோம்."

"ஊர்ல என்ன சொல்றாக?"

"என்ன சொல்லுவாக? சாவியெல்லாம் திருப்பி வாங்கிட்டுப் போறாக. ஒருத்தி சாவியை வாங்கிட்டு, இனி யாரை நம்புறதுன்னு மைதீன் அண்ணன் மூஞ்சிக்கு நேரா கேக்கா. அம்மா உன்கூடப் பேச மாட்டாளாம்."

"அண்ணாச்சி?"

"அவருக்குத் திறக்கல. எங்க பின்னாலயே சால்வையைப் போட்டுக்கிட்டு நடந்து வந்தாரு. நாங்க இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தா அவரைக் காணோம். கடைக்குப் போயிட்டாரு. அவருக்கு ஏது சந்தா? முதலாளிக்கு யாரு சந்தா கட்டுவா?"

நானும் ஒருநாளும் சந்தா கட்டியதில்லை. அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்றே வாசித்தவள்.

தர்மபுரி போகிற வழியில் அக்காவின் பஸ் சாத்தனேரியில் டீ குடிக்க நின்றது. பெட்டியை மடியில் வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து, என் கன்னத்தைக் கிள்ளினாள். மதுரை வரைக்கும் கூட வா, சேர்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்றாள். நான் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரவுண்டானா வந்தது. பெட்ரோல் பங்க் வந்தது. அக்கா ஆரஞ்சு ஒன்றை உரித்து என் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஆரஞ்சுச் சுளையோடு அச்சக வாசலில் நின்றேன். தரை லேசாக நடுங்கியது.

போன் அடித்தது.

"காயை உருட்டுனியா?" என்றாள் அக்கா.

"ம்."

"தெரிஞ்சேவா?"

நான் சுளையை வாயில் போட்டுக்கொண்டேன்.

"கழுதை. நின்னுக்கிட்டே பாக்கேன்னு சொல்லியிருக்க வேண்டியதுதானட்டி."

"நின்னுக்கிட்டு எழுத்துப்பிழை பாக்க முடியாதுக்கா."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று பஸ் இரைச்சலில் தெரியவில்லை. "ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டுட்டுக் கூப்பிடுதேன்," என்றாள், அதற்குள் சிக்னல் போய்விட்டது. மறுநாள் காலை கூப்பிட்டாள். கையெழுத்துப் போட்டுவிட்டாள். தண்ணீர் சேர்ந்தது.

அன்றைக்கே நான் அண்ணாச்சி பெயருக்கு ஒன்று, என் பெயருக்கு ஒன்று என இரண்டு சந்தா கட்டினேன். ஊழியருக்குத்தான் இதழ் இனாமாகக் கிடைக்கிறதே, எதற்கு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். தபாலில் வந்தால் ஒரு சந்தோஷம் என்றேன். அடுத்த இதழில் எனக்குக் காய் காட்டிய பக்கம் இட்லி. இட்லிச் சட்டிக்கும் மூடி உண்டு. எந்த இடத்தில் திறப்பது என்று மனதுக்குள் எழுதிக்கூட வைத்துவிட்டேன்.

புரூப் வருவதற்கு முன் பிரின்ஸ் வந்து என் மேசை ஓரத்தில் நின்றார். ஒரு காயைக் கையில் எடுத்து உருட்டாமல் தடவிக்கொண்டிருந்தார்.

"இப்பெல்லாம் யாரும்மா சமையலைப் படிச்சுச் செய்றாங்க? போன்லயே பாத்துக்கிறாங்க," என்றார். "போன இதழோட நிறுத்திட்டோம். உன்னை அனுப்ப மாட்டேன், பயப்படாதே."

மெஷின் சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"மீதிச் சந்தாவுக்கு, சார்?"

"நம்ம 'கிரக பலன்' போகும். என்னத்தையாவது அனுப்பணும்ல." காயை வைத்துவிட்டுப் போனார்.

அலுவலகத்தின் கடைசி மேசையில் ஜோதிடர் சங்கரலிங்கம் ஐயா இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை வந்து பன்னிரண்டு ராசிக்கும் வாயால் சொல்லிவிட்டு, பொடி போட்டபடி கண்ணை மூடிக்கொள்வார், எழுதிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேசைக்குப் பக்கத்தில் போட்டேன். என் ராசி கும்பம். அண்ணாச்சிக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டேன், அவருக்கும் கும்பம்தான், அதிலே ஒரு வேலை மிச்சம்.

ஐயா மேஷத்திலிருந்து தொடங்கினார். மேஷத்துக்கு வீண் செலவு, ரிஷபத்துக்கு வாகன யோகம், சிம்மத்துக்கு உறவினர் வருகை. நான் எழுதிக்கொண்டே போனேன். மகரம் முடிந்ததும் பொடி மட்டையைத் தட்டிவிட்டு, "கும்பம்," என்றார். "கும்பத்துக்கு இந்த மாசம் இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது."

நான் எழுதினேன். 'கும்ப ராசி நேயர்களே, உங்கள் முன்னால் இப்போது ஒரு கதவு'

ஐயா ஒரு கண்ணைத் திறந்தார். "நான் சொன்னது ரெண்டு வார்த்தை. நீ என்னம்மா இவ்வளவு நேரமா எழுதுறே?"

"எழுத்துப்பிழை பாக்கிறேன் ஐயா," என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.